கனடா சுதந்திரமடைந்தது எப்போது? குடியேற்ற நாடுகள் தன்னாட்சி பெற்ற வரலாறு

1982ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில், நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் அமைக்கப்பட்டிருந்த மேடையில், இரண்டாம் எலிசபெத் மகாராணி ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அன்று பெய்த மழையில் சில துளிகள் விழுந்து மை கலங்கிய அடையாளங்கள் அந்த ஆவணத்தில் இன்றும் இருக்கின்றன. கனடாவின் அரசியல் சாசனத்தைத் திருத்துவதில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு எஞ்சியிருந்த கடைசி அதிகாரமும் அந்தக் கையெழுத்துடன் முடிவுக்கு வந்தது.

ஆனால் கனடாவின் தேசிய தினம் ஏப்ரல் 17 அல்ல. அது ஜூலை முதலாம் தேதி. 1867இல் கனடிய மாகாணங்கள் ஒரே கூட்டமைப்பாக இணைந்த நாள் அது. அந்த நாளிலும் கனடா சுதந்திர நாடாகிவிடவில்லை. 1931ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி, வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் நிறைவேறியபோதே கனடா சட்டரீதியாகச் சுதந்திரமடைந்தது என்று வாதிடுவோரும் உண்டு.

இந்தியாவுக்கு 1947 ஆகஸ்ட் 15, இலங்கைக்கு 1948 பிப்ரவரி 4 என்பது போல, ஒரு கொடி இறங்கி இன்னொரு கொடி ஏறிய நாள் கனடாவின் வரலாற்றில் இல்லை. அங்கு அதிகாரம் ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில், பகுதி பகுதியாகவே கைமாறியது. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய நாடுகளின் வரலாறும் ஏறக்குறைய இத்தகையதே.

இந்தப் படிப்படியான மாற்றம், இரத்தம் சிந்தாத நல்லதொரு முன்னுதாரணமாகப் பாடநூல்களில் குறிப்பிடப்படுவதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அதேவேளை, லண்டனிடமிருந்து விடுபட்ட ஒவ்வொரு அதிகாரமும் யாருடைய கைக்குச் சென்றது, யாருடைய கைக்குச் செல்லவில்லை என்ற கேள்வியும் இந்த வரலாற்றுடன் சேர்ந்தே வருகிறது.

குடியேறிய நாடும் கைப்பற்றிய நாடும்

பிரிட்டிஷ் சட்ட மரபு, பேரரசின் கீழிருந்த நாடுகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தது. ஆங்கிலேயர் குடியேறி உருவாக்கிய நாடுகள் ஒரு வகை. அங்கு குடியேறியவர்கள் தாய்நாட்டின் சட்டத்தையும் உரிமைகளையும் தம்முடன் எடுத்துச் செல்வதாகக் கருதப்பட்டது. எனவே தமக்கென ஒரு பேரவையைக் கோரும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. போரில் கைப்பற்றப்பட்ட, அல்லது ஒப்பந்தத்தின் மூலம் பெறப்பட்ட நாடுகள் மற்றொரு வகை. அங்கு மன்னர் மாற்றும் வரை பழைய சட்டமே நீடிக்கும். ஆட்சி ஆளுநரின் கையில் இருக்கும்.

குடியேற்ற நாடு என்று வகைப்படுத்தப்பட்ட இடங்களிலும் மக்கள் ஏற்கனவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதை இந்தப் பகுப்பு கணக்கில் எடுக்கவில்லை. ஆஸ்திரேலியா முழுவதும் உரிமையாளர் அற்ற நிலம் போலவே நடத்தப்பட்டது. அந்நாட்டின் உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் அந்தக் கருத்தை நிராகரிக்க 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கனடாவில் இந்த இரண்டு வகைகளும் அருகருகே இருந்தன. அட்லாண்டிக் கடலோரத்தில் உள்ள நோவா ஸ்கோஷியாவில் 1758இலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை கூடியது. கியூபெக்கோ, 1763ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தத்தின் மூலம் பிரான்ஸிடமிருந்து பிரிட்டனுக்குக் கிடைத்த பகுதி. அங்கு வாழ்ந்தவர்கள் பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்கர்கள். 1774ஆம் ஆண்டின் கியூபெக் சட்டம் அவர்களது மதத்தையும் பிரெஞ்சு சிவில் சட்டத்தையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவையை அவர்களுக்கு அளிக்கவில்லை.

அமெரிக்கா 1783இல் பிரிந்து சென்ற பின்னர், மன்னருக்கு விசுவாசமாக இருந்த பல்லாயிரம் பேர் வடக்கே வந்து குடியேறினார்கள். இதையடுத்து 1791இல் கியூபெக், ஆங்கிலேயர் அதிகமாக வாழ்ந்த மேல் கனடா என்றும், பிரெஞ்சுக்காரர் பெரும்பான்மையாக இருந்த கீழ்க் கனடா என்றும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இரண்டுக்கும் தனித்தனிப் பேரவைகள் கிடைத்தன.

பேரவை உண்டு, அதிகாரம் இல்லை

இந்தப் பேரவைகள் சட்டமூலங்களை நிறைவேற்றலாம், வரிகளுக்கு ஒப்புதல் அளிக்கலாம். ஆனால் நிர்வாகத்தை நடத்தியவர் லண்டன் அனுப்பிய ஆளுநர். அவருக்கு ஆலோசனை கூறிய நிர்வாக சபையின் உறுப்பினர்கள் அவரால் நியமிக்கப்பட்டவர்கள். பேரவையில் பெரும்பான்மையை இழந்தாலும் அவர்கள் பதவி விலகத் தேவையில்லை. இதனால் ஒரு சில செல்வாக்குமிக்க குடும்பங்களின் கையில் நிலமும் பதவிகளும் குவிந்தன.

கீழ்க் கனடாவில் இந்த மோதலுக்கு இனரீதியான பரிமாணமும் இருந்தது. பேரவையில் பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பான்மை. நிர்வாக சபையிலோ ஆங்கில வணிகர்களின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. லூயி ஜோசப் பப்பினோவின் தலைமையில் 1834இல் பேரவை 92 தீர்மானங்களை நிறைவேற்றி லண்டனுக்கு அனுப்பியது. 1837இல் லண்டன் அவற்றை நிராகரித்ததுடன், பேரவையின் ஒப்புதல் இல்லாமலேயே பொதுப்பணத்தைச் செலவிட ஆளுநருக்கு வழிசெய்தது.

அதே ஆண்டின் இறுதியில் இரண்டு கனடாக்களிலும் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. மேல் கனடாவில் அதற்குத் தலைமை தாங்கியவர் பத்திரிகையாளரான வில்லியம் லயன் மெக்கென்ஸி. கிளர்ச்சிகள் ஒடுக்கப்பட்டன. கீழ்க் கனடாவில் மட்டும் 12 பேர் தூக்கிலிடப்பட்டனர். 58 பேர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர்.

டர்ஹாம் பிரபுவின் அறிக்கை

கிளர்ச்சிக்கான காரணங்களை ஆராய 1838இல் அனுப்பப்பட்ட டர்ஹாம் பிரபு, சுமார் ஐந்து மாதங்களே கனடாவில் தங்கியிருந்தார். 1839இல் அவர் அளித்த அறிக்கை, குடியேற்ற நாடுகளின் வரலாற்றில் மிக முக்கியமான ஆவணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

உள்நாட்டு விவகாரங்களில், பேரவையின் நம்பிக்கையைப் பெற்றவர்களே ஆட்சி நடத்த வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். பிரிட்டனில் மன்னர் அமைச்சர்களின் ஆலோசனைப்படி நடப்பது போல, ஆளுநரும் நடக்க வேண்டும் என்பதே இதன் பொருள். இதுவே 'பொறுப்பாட்சி' என்று அழைக்கப்பட்டது.

லண்டனின் கையில் நான்கு விடயங்கள் மட்டும் இருந்தால் போதும் என்று டர்ஹாம் கருதினார். அரசியல் அமைப்பின் வடிவம், வெளியுறவு, வெளிவர்த்தகம், அரச நிலங்களைப் பகிர்ந்தளித்தல் ஆகியவையே அந்த நான்கு. கனடாவின் அடுத்த 143 ஆண்டு கால அரசியல் வரலாற்றை, இந்த நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக லண்டனின் கையை விட்டுச் சென்ற வரலாறு என்றே கூறலாம்.

ஆனால் அந்த அறிக்கைக்கு இன்னொரு முகமும் இருந்தது. பிரெஞ்சுக் கனடியர்களை வரலாறோ இலக்கியமோ அற்ற மக்களாகக் கண்ட டர்ஹாம், அவர்கள் ஆங்கில சமூகத்தில் கரைந்துவிடுவதே நல்லது என்றார். அதற்காக இரண்டு கனடாக்களையும் ஒன்றாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1841இல் நடைமுறைக்கு வந்த இணைப்பில், மக்கள்தொகை அதிகமாக இருந்த பிரெஞ்சுப் பகுதிக்கும் குறைவாக இருந்த ஆங்கிலப் பகுதிக்கும் சம எண்ணிக்கையில் ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. பொறுப்பாட்சி உடனடியாக வழங்கப்படவில்லை. சிறுபான்மையினரைக் கரைக்கும் பரிந்துரை உடனே நிறைவேறியது. அதிகாரத்தைப் பகிரும் பரிந்துரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1849: எரிந்த நாடாளுமன்றம்

எதிர்பாராத விதமாக, கரைக்கப்பட வேண்டியவர்களே பொறுப்பாட்சியைச் சாத்தியமாக்கினார்கள். மேல் கனடாவின் சீர்திருத்தவாதி ராபர்ட் பால்ட்வினும், பிரெஞ்சுக் கனடியத் தலைவர் லூயி இப்பொலிட் லாஃபோந்தேனும் கூட்டணி அமைத்தனர். 1848இல் நோவா ஸ்கோஷியாவிலும், அதையடுத்து சில வாரங்களில் ஒன்றிணைந்த கனடா மாகாணத்திலும், பேரவையின் பெரும்பான்மையைப் பெற்ற அமைச்சரவைகள் பதவியேற்றன.

இந்தக் கோட்பாட்டுக்கு உண்மையான சோதனை அடுத்த ஆண்டு வந்தது. கிளர்ச்சியின்போது சொத்துக்களை இழந்த கீழ்க் கனடா மக்களுக்கு இழப்பீடு வழங்கும் சட்டமூலம் பேரவையில் நிறைவேறியது. கிளர்ச்சியாளர்களுக்கே பணம் கொடுப்பதா என்று ஆங்கிலத் தரப்பு கொதித்தெழுந்தது. ஒப்புதலை மறுக்குமாறு, டர்ஹாம் பிரபுவின் மருமகனும் தலைமை ஆளுநருமான எல்ஜின் பிரபு வலியுறுத்தப்பட்டார்.

தனிப்பட்ட முறையில் அந்தச் சட்டமூலத்தின் மீது அவருக்குத் தயக்கங்கள் இருந்தன. ஆயினும் அமைச்சரவையின் ஆலோசனையை ஏற்று 1849 ஏப்ரல் 25ஆம் தேதி அவர் கையெழுத்திட்டார். அன்றிரவே மொன்றியல் நகரில் இருந்த நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வன்முறைக் கும்பல் தீ வைத்தது. எல்ஜினின் வாகனம் மீது கற்களும் முட்டைகளும் வீசப்பட்டன. ஆனால் சட்டம் நின்றது. லண்டன் பிரதிநிதியின் விருப்பத்தை விட, தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவையின் முடிவே மேலானது என்பது நடைமுறையில் உறுதியானது.

லண்டன் விட்டுக்கொடுத்தது ஏன்?

இந்த விட்டுக்கொடுப்புக்குப் பெருந்தன்மை மட்டும் காரணமல்ல. 13 அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்த அனுபவம் பிரிட்டிஷ் அரசியல்வாதிகளின் நினைவிலிருந்து அகலவில்லை. 1846இல் தானிய இறக்குமதிக்கான பாதுகாப்புச் சட்டங்களும், 1849இல் கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் நீக்கப்பட்ட பின்னர், சுதந்திர வர்த்தகத்துக்கு மாறிவிட்ட பிரிட்டனுக்குக் குடியேற்ற நாடுகளின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் தேவையும் குறைந்தது. தொலைதூர நாடுகளில் படைகளை வைத்திருப்பது வீண் செலவாகத் தோன்றியது.

1859இல் கனடா மாகாணத்தின் நிதியமைச்சர் அலெக்சாண்டர் கால்ட் சுங்க வரிகளை உயர்த்தினார். பிரிட்டிஷ் பொருட்களும் அதற்கு விலக்கல்ல. ஷெஃபீல்ட் நகரத் தொழிலதிபர்கள் லண்டனில் முறையிட்டபோது, தனது மக்களுக்கு எப்படி வரி விதிப்பது என்பதைக் கனடாவே தீர்மானிக்கும் என்று கால்ட் பதிலளித்தார். லண்டன் அதை ஏற்றுக்கொண்டது. நிலத்தின் மீதான கட்டுப்பாடு ஏற்கனவே மாகாணங்களிடம் சென்றிருந்தது. டர்ஹாமின் நான்கில் இரண்டு இவ்வாறு கைமாறிவிட்டன.

1867: கூட்டமைப்பு

1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போர், வடக்கே சிதறிக் கிடந்த பிரிட்டிஷ் மாகாணங்களுக்கு அச்சத்தை ஏற்படுத்தியது. 1864இல் ஷார்லட்டவுனிலும் கியூபெக் நகரிலும் நடந்த மாநாடுகளில் கூட்டமைப்புத் திட்டம் உருவானது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. 1867 ஜூலை முதலாம் தேதி ஒன்டாரியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் ஆகிய நான்கு மாகாணங்களுடன் கனடா 'டொமினியன்' பிறந்தது. ஜான் ஏ. மெக்டொனால்ட் முதலாவது பிரதமரானார். மொழியும் கல்வியும் தொடர்பாக கியூபெக்குக்குச் சில பாதுகாப்புகள் கிடைத்தன.

இந்த இணைப்பு குறித்துப் பொதுவாக்கெடுப்பு எதுவும் நடத்தப்படவில்லை. நோவா ஸ்கோஷியா மக்கள் தமது கருத்தைச் சொல்ல முதல் வாய்ப்புக் கிடைத்தபோது, அதாவது 1867 செப்டம்பர் தேர்தலில், அம்மாகாணத்தின் 19 ஆசனங்களில் 18ஐ கூட்டமைப்பு எதிர்ப்பாளர்களே வென்றார்கள். இணைப்பை ரத்துச் செய்யக் கோரி லண்டன் சென்ற அவர்களது தலைவர் ஜோசஃப் ஹோவின் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

புதிய நாட்டின் அதிகாரங்களுக்கு எல்லைகளும் இருந்தன. 1865ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி, தமக்குப் பொருந்தும் பிரிட்டிஷ் சட்டங்களுடன் முரண்படும் குடியேற்ற நாட்டுச் சட்டங்கள் செல்லாது. இறுதி மேல்முறையீடு லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்கே சென்றது. வெளிநாடுகளுடன் ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் கனடாவுக்கு இல்லை. அரசியல் சாசனமே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் ஒரு சட்டம் என்பதால், அதைத் திருத்தவும் லண்டனுக்கே போக வேண்டியிருந்தது.

போர்க்களத்தில் பெற்ற குரல்

1914இல் பிரிட்டன் போரில் இறங்கியபோது கனடாவும் தானாகவே போரில் இருந்தது. அதன் நாடாளுமன்றத்திடம் யாரும் கேட்கவில்லை. எட்டு மில்லியனுக்கும் குறைவான மக்கள் கொண்ட நாடு 60,000 பேருக்கு மேல் பலிகொடுத்தது. போர் முடிந்தபோது, முடிவெடுப்பதில் தனக்கும் பங்கு வேண்டும் என்று அது கோரியது. 1919இல் வெர்சாய் ஒப்பந்தத்தில் கனடியப் பிரதிநிதிகள் தனியாகக் கையெழுத்திட்டனர். சர்வதேச சங்கத்தில் கனடா தனி உறுப்பினரானது. 1923இல் அமெரிக்காவுடனான மீன்பிடி ஒப்பந்தம் ஒன்றில், பிரிட்டிஷ் தூதரின் கையெழுத்து இல்லாமல் கனடிய அமைச்சர் மட்டும் கையெழுத்திட்டார்.

1926இல் நடந்த பேரரசு மாநாடு, பிரிட்டனும் டொமினியன்களும் ஒன்றுக்கொன்று கீழ்ப்படியாத சம அந்தஸ்துடைய நாடுகள் என்று அறிவித்தது. 1931ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அதைச் சட்டமாக்கியது. டொமினியன் ஒன்று கேட்டுக்கொண்டு சம்மதித்தால் தவிர, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதற்காகச் சட்டம் இயற்ற முடியாது என்றானது. இதன் பலன் 1939இல் தெரிந்தது. பிரிட்டன் செப்டம்பர் 3ஆம் தேதி போரை அறிவித்தது. கனடா தனது நாடாளுமன்றத்தைக் கூட்டி, ஒரு வாரம் கழித்து 10ஆம் தேதியே அறிவித்தது. டர்ஹாமின் பட்டியலில் மூன்றாவதும் கைமாறிவிட்டது.

தன்னாட்சியைத் திருப்பிக் கொடுத்த நாடு

இந்தப் பாதையில் முன்னேற்றம் மட்டுமே நிகழ்ந்தது என்று எண்ணிவிட முடியாது. 1855இல் பொறுப்பாட்சி பெற்ற நியூஃபவுண்ட்லாந்து, கனடாவுடன் இணையாமல் தனி டொமினியனாக இருந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தில் அதன் பெயரும் இடம்பெற்றிருக்கிறது. முதல் உலகப் போருக்காக வாங்கிய கடன்களும், 1930களின் பொருளாதார மந்தத்தில் மீன் விலை வீழ்ந்ததும் அதைத் திவாலின் விளிம்புக்குத் தள்ளின.

லண்டன் நியமித்த விசாரணைக் குழுவின் பரிந்துரையை ஏற்று, நியூஃபவுண்ட்லாந்து நாடாளுமன்றமே தனது தன்னாட்சியை நிறுத்திவைக்க வாக்களித்தது. 1934 பிப்ரவரியிலிருந்து, தேர்தலில் தேர்வாகாத ஓர் ஆணையமே அங்கு ஆட்சி நடத்தியது. அதன் பின்னர் தனி டொமினியனாக அது மீண்டெழவேயில்லை. 1948இல் நடந்த இரண்டாவது பொதுவாக்கெடுப்பில் சுமார் 52 சதவீதத்தினர் கனடாவுடன் இணைவதை ஆதரிக்க, 1949 மார்ச் 31ஆம் தேதி அது கனடாவின் பத்தாவது மாகாணமானது. பொருளாதார பலம் இல்லாத அரசியல் உரிமை எவ்வளவு எளிதில் கைநழுவும் என்பதற்கு நியூஃபவுண்ட்லாந்து ஓர் உதாரணம்.

கனடாவே வேண்டாம் என்ற அதிகாரம்

நான்காவது விடயமான அரசியல் சாசனம் மட்டும் 1931க்குப் பிறகும் லண்டனிலேயே தங்கியது. அதை லண்டன் பற்றிக்கொண்டிருக்கவில்லை. சாசனத்தைத் திருத்த எத்தனை மாகாணங்களின் சம்மதம் தேவை என்பதில் கனடியர்கள் உடன்பாடு காண முடியாததால், அந்த அதிகாரத்தை வைத்திருக்குமாறு கனடாவே கேட்டுக்கொண்டது.

இதற்கிடையே மற்ற இணைப்புகள் அறுந்தன. 1947இல் தனிக் கனடியக் குடியுரிமை வந்தது. 1949இல் பிரிவி கவுன்சில் மேல்முறையீடு முடிவுக்கு வந்தது. 1965இல் மேப்பிள் இலைக் கொடி ஏற்றப்பட்டது. ஆனால் சாசன உடன்பாட்டுக்கான முயற்சிகள் தொடர்ந்து தோற்றன.

1980இல் கியூபெக்கில் பிரிவினையை நோக்கிய பொதுவாக்கெடுப்புத் தோற்றதும், பிரதமர் பியேர் ட்ரூடோ சாசனத்தை மாகாணங்களின் சம்மதம் இல்லாமலேயே கொண்டுவர முற்பட்டார். சட்டப்படி அது செல்லும், ஆனால் கணிசமான மாகாணங்களின் ஆதரவைப் பெறுவது அரசியல் மரபு என்று 1981 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. நவம்பரில் ஒன்பது மாகாணங்கள் உடன்பட்டன. கியூபெக் உடன்படவில்லை. அந்த மாகாணத்தின் ஒப்புதல் இன்று வரை முறைப்படி கிடைக்கவில்லை. 1995இல் கியூபெக்கில் நடந்த இரண்டாவது பொதுவாக்கெடுப்பில் பிரிவினைத் தரப்பு 49.42 சதவீத வாக்குகளைப் பெற்று மயிரிழையில் தோற்றதன் பின்னணியில் இந்தக் காயமும் இருந்தது.

யாருடைய தன்னாட்சி?

கனடாவின் பூர்வகுடி மக்களின் பார்வையில் இந்த வரலாறு வேறு விதமாகத் தெரிகிறது. 1763இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வெளியிட்ட பிரகடனம், அவர்களது நிலத்தை மன்னரின் பிரதிநிதிகள் தவிர வேறு எவரும் வாங்கக் கூடாது என்று கூறியது. குடியேறியவர்களின் நிலப்பசிக்கு அது ஓரளவு தடையாக இருந்தது. அவர்களது உறவு லண்டனுடன், ஒப்பந்தங்களின் அடிப்படையில் அமைந்திருந்தது.

1860இல் பூர்வகுடி விவகாரங்களின் பொறுப்பை லண்டன் கனடா மாகாணத்திடம் ஒப்படைத்தது. அதாவது, அந்த நிலங்களை நாடியவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசிடமே அந்த நிலங்களின் பாதுகாப்பு கொடுக்கப்பட்டது. பூர்வகுடி மக்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. 1876ஆம் ஆண்டின் 'இந்தியர் சட்டம்' அவர்களைச் சட்டத்தின் முன் சிறார்களைப் போல ஆக்கியது. உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்ட 150,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் தமது மொழியிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் பிரிக்கப்பட்டார்கள். இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று 2015இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு விவரித்தது. பூர்வகுடி அந்தஸ்தை இழக்காமல் மத்திய தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமை அவர்கள் அனைவருக்கும் கிடைத்தது 1960இல்தான்.

1923இல், கனடா சர்வதேச அரங்கில் தனது சம அந்தஸ்தை நிலைநாட்டிக் கொண்டிருந்த அதே காலத்தில், ஹோடினோஷோனி மக்களின் தலைவர்களுள் ஒருவரான டெஸ்கஹே ஜெனீவாவுக்குச் சென்றார். தமது மக்களின் தன்னாட்சியை அங்கீகரிக்குமாறு அவர் சர்வதேச சங்கத்திடம் கேட்டார். அவரது மனு விவாதத்துக்கே எடுக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு, அவர்களது பாரம்பரிய சபையை அகற்றிவிட்டு கனடிய அரசு வேறொரு சபையை அமைத்தது.

1982ஆம் ஆண்டுச் சாசனத்தின் 35ஆவது பிரிவு பூர்வகுடி மக்களின் உரிமைகளை அங்கீகரித்தது. அதற்காக அவர்கள் ஒட்டாவாவிலும் லண்டனிலும் போராட வேண்டியிருந்தது. 1999இல் இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நுனாவுட் தனி ஆட்சிப் பிரதேசமானது.

தமிழர்கள் கண்ட மறுபக்கம்

குடியேற்றக்காரர்களின் தன்னாட்சி மற்றவர்களுக்கு என்ன செய்யும் என்பதைத் தமிழர்கள் தென்னாப்பிரிக்காவில் நேரடியாக அனுபவித்தார்கள். 1860 முதல் 1911 வரை 150,000க்கும் அதிகமான இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் பணியாற்ற, ஒப்பந்தத் தொழிலாளர்களாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பான்மையினர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள்.

1893இல் நேட்டாலின் வெள்ளையர்களுக்குப் பொறுப்பாட்சி கிடைத்தது. அடுத்த ஆண்டே இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் சட்டமூலம் வந்தது. அதை எதிர்த்தே காந்தி நேட்டால் இந்திய காங்கிரஸைத் தொடங்கினார். இந்தியர் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்ட சட்டத்தை லண்டன் ஏற்கவில்லை. 1896இல், நாடாளுமன்றத் தேர்தல் முறை இல்லாத நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று சொற்களை மாற்றியதும் ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தம் முடிந்தும் தாயகம் திரும்பாதவர்கள் மீது விதிக்கப்பட்ட மூன்று பவுண்ட் வரி, 1913இன் பெரும் வேலைநிறுத்தத்துக்கும், சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மையின் மரணத்துக்கும் பிறகே, 1914இல் நீக்கப்பட்டது.

அதே 1914இல், பெரும்பாலும் சீக்கியர்களான 376 பயணிகளுடன் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்த கோமகட்டா மாரு கப்பலைக் கனடா திருப்பி அனுப்பியது. அவர்களும் பிரிட்டிஷ் பேரரசின் பிரஜைகளே. ஆனால் யாரை நுழைய விடுவது என்பது டொமினியனின் சொந்த விவகாரமாகியிருந்தது.

இலங்கை குடியேற்ற நாடல்ல என்றாலும், 1948இல் டொமினியன் என்ற இதே வடிவத்தில்தான் அது சுதந்திரமடைந்தது. சிறுபான்மையினரைப் பாகுபடுத்தும் சட்டங்களை இயற்றக் கூடாது என்ற 29ஆவது பிரிவு அதன் சாசனத்தில் இருந்தது. ஆயினும் அந்த ஆண்டே நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அந்தச் சட்டத்தையும் அதன் அடிப்படையில் வாக்குரிமையை மறுத்த சட்டத்தையும் எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கை, 1953இல் பிரிவி கவுன்சில் தள்ளுபடி செய்தது.

முடியாத கேள்வி

இந்தக் கேள்வி கடந்த காலத்துடன் முடிந்துவிடவில்லை. பிரான்ஸின் ஆட்சியில் உள்ள பசிஃபிக் தீவான நியூ கலிடோனியாவில், 2018, 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் நடந்த மூன்று வாக்கெடுப்புகளிலும் சுதந்திரம் நிராகரிக்கப்பட்டது. மூன்றாவதைப் பூர்வகுடிகளான கனக் மக்களின் சுதந்திர ஆதரவுத் தரப்பினர் புறக்கணித்தார்கள். 2024 மே மாதத்தில், பிற்காலத்தில் குடியேறியவர்களுக்கும் மாகாணத் தேர்தல்களில் வாக்குரிமையை விரிவுபடுத்தும் பிரெஞ்சு முயற்சி அங்கு பெரும் கலவரத்தைத் தூண்டியது. தன்னாட்சி வேண்டுமா என்பதற்கு முன்னால், அதைத் தீர்மானிக்கும் மக்கள் யார் என்பதே அங்கும் சிக்கலாக இருக்கிறது.

கனடாவின் அனுபவம் இரண்டு விடயங்களை உணர்த்துவதாகக் கொள்ளலாம். ஒன்று, நிறுவனங்களும் மரபுகளும் மெல்ல வேரூன்றினால், பேரரசு ஒன்றிடமிருந்து பெரும் போர் இல்லாமலும் விடுபட முடியும். மற்றையது, அதிகாரம் கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும், மேசையில் இடம் கிடைக்காதவர்களின் பாதுகாப்பு அந்தக் கட்டத்திலேயே உறுதிசெய்யப்படாவிட்டால், பின்னர் அதைப் பெறத் தலைமுறைகள் ஆகும்.

கனடியக் குடியுரிமை பெறும் ஆயிரக்கணக்கான தமிழர்கள், மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாகவே உறுதிமொழி எடுக்கிறார்கள். அந்த மன்னர் சட்டத்தின் பார்வையில் பிரிட்டனின் மன்னராக அல்ல, கனடாவின் மன்னராகவே அங்கு கருதப்படுகிறார். 2021இல் திருத்தப்பட்ட அந்த உறுதிமொழியில், பூர்வகுடி மக்களின் உரிமைகளை அங்கீகரிக்கும் சாசனத்தைக் கடைப்பிடிப்பதாகவும் ஒரு வாசகம் சேர்க்கப்பட்டுள்ளது. 1860இல் கேட்கப்படாமல் போனவர்களின் பெயர், 161 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நாட்டின் உறுதிமொழியில் இடம்பெற்றிருக்கிறது.